பாம்புக்குத் தலை, மீனுக்கு வால்

போன பள்ளி விடுமுறையில் குடும்பத்தோடு போர்ட்டிக்சன் போயிருந்தோம். அத்தானுக்குத் தூண்டில் பைத்தியம். நாங்கள் மணலில் உட்கார்ந்து நாசி லெமாக் பொட்டலங்களைப் பிரித்துக்கொண்டிருக்க, அவர் அலைத்தடுப்புக் கற்களின் மேல் நின்றுகொண்டிருந்தார். பொழுது சாயும் நேரத்தில் தூண்டில் வில்லாக வளைந்தது. பெரிய கெராப்புதான் என்று எல்லாரும் எழுந்து ஓடினோம்.

மேலே வந்தது கெராப்பு இல்லை. சாம்பல் நிறத்தில், வழவழவென்று, இரண்டு முழத்துக்கும் மேல் நீளமான ஓர் உடல். கல்லின் மேல் விழுந்து முறுக்கிக்கொண்டது. "பாம்பு! பாம்பு! அடிங்க!" என்று யாரோ கத்தினார்கள். ஒருவர் குடையை ஓங்கினார். அக்காள் மகனுக்கு ஒன்பது வயது. அவன் மட்டும் குனிந்து பார்த்துவிட்டு, "மாமா, கழுத்துப் பக்கம் சின்னதா ஒரு துடுப்பு இருக்கு. பாம்புக்கு ஏது துடுப்பு?" என்றான். சொல்லிக்கொண்டே கையையும் நீட்டினான்.

நல்ல வேளையாகப் பக்கத்தில் தூண்டில் போட்டுக்கொண்டிருந்த மலாய்க்காரப் பெரியவர் அவன் தோளைப் பிடித்து இழுத்தார். "மாலோங்," என்றார். பிறகு தன் வாயைத் திறந்து பல்லைத் தட்டிக் காட்டினார். பையன் சொன்னதும் சரி, அவர் இழுத்ததும் சரி. அது பாம்பு இல்லை. ஆனால் கை வைக்கக்கூடிய மீனும் இல்லை.

இத்தனை வருடம் கடலுக்கு ஒரு மணி நேரப் பயணத் தூரத்தில் வாழ்ந்தும், ஒரு மீனையும் பாம்பையும் பிரித்துப் பார்க்க எனக்குத் தெரியவில்லையே என்று அன்றிரவு வெட்கமாக இருந்தது. அதன் பிறகு படித்துத் தெரிந்துகொண்டதை இந்த வாரம் உங்களோடு பகிர்ந்துகொள்கிறேன்.

தலையும் வாலும்

இரு பக்கமும் நல்லவராக நடிப்பவரை 'பாம்புக்குத் தலையும் மீனுக்கு வாலும் காட்டும் விலாங்கு' என்று நம் வீடுகளில் சொல்வோம். பாவம், விலாங்கு யாரையும் ஏமாற்றவில்லை. நாம்தான் நடு உடம்பை மட்டும் பார்த்து முடிவு செய்கிறோம். தலையையும் வாலையும் உண்மையிலேயே பார்த்தால் குழப்பத்துக்கு இடமே இல்லை.

முதலில் வால். கடல் பாம்பின் வால் படகுத் துடுப்பைப் போலத் தட்டையாக இருக்கும். ஆனால் அதன் முதுகில் மீன் துடுப்பு எதுவும் இருக்காது. பெரும்பாலான விலாங்குகளுக்கு முதுகில் தொடங்கும் ஒரு துடுப்பு, ரிப்பன் ஒட்டியதுபோல வால் வரை போய், அங்கிருந்து திரும்பி வயிற்றுப் பக்கமும் தொடரும். முதுகு, வால், அடிப்பக்கம் மூன்றும் ஒரே நீளத் துடுப்பு.

அடுத்து தலை. பாம்புக்குச் செவுள் கிடையாது. அது மூச்சு விட நீர்மட்டத்துக்கு வந்தாக வேண்டும். உடல் முழுக்கச் செதில் இருக்கும். விலாங்கின் தலைக்குப் பின்னால் இரு பக்கமும் செவுள் துளை இருக்கும். கடலில் வாழும் பெரிய விலாங்குகளின் தோலில் செதிலே இருக்காது. வெறும் தோலும் அதன் மேல் ஒரு வழவழப்புப் பூச்சும்தான்.

இது வெறும் பொது அறிவு இல்லை. மலாக்கா நீரிணையில் கடல் பாம்புகள் உண்டு. அவற்றின் நஞ்சு கொடியது. 1950-களிலும் 60-களின் தொடக்கத்திலும் பினாங்கு பொது மருத்துவமனையில் பணியாற்றிய டாக்டர் அலிஸ்டர் ரீட், கடல் பாம்பு கடித்த மீனவர்களைத் தொடர்ந்து கவனித்து, அந்த நஞ்சு மனிதத் தசைகளைச் சிதைக்கிறது என்பதை விரிவாகப் பதிவு செய்தார். வலையில் சிக்கிய நீண்ட உயிரை மீனென்று நினைத்துத் தொட்டால் உயிருக்கே ஆபத்து வரலாம். பாம்பென்று நினைத்து மீனை அடித்தால் ஒரு பாவமும் செய்யாத உயிர் போகும். இரண்டு தவறையும் தவிர்க்க ஒரு பார்வை போதும்.

ஒரே பெட்டிக்குள் எல்லாம்

விலாங்கைப் பார்த்துக் குழம்பியது நாம் மட்டும் இல்லை. உயிர்களுக்கு இரட்டைப் பெயர் வைக்கும் முறையை நிலைநிறுத்திய சுவீடன் நாட்டு லின்னேயஸ், 1758-ல் ஆற்று விலாங்கு, கொங்கர் விலாங்கு, மோரே விலாங்கு மூன்றையும் 'முரேனா' என்ற ஒரே பேரினத்தில் போட்டுவிட்டார். இடுப்புத் துடுப்பு இல்லாத மீன்களை 'கால் இல்லாதவை' என்ற பொருளில் ஒரு பெரிய வரிசையாக்கினார். தென் அமெரிக்காவின் மின்விலாங்கும் பிறகு அதில் சேர்ந்தது.

மின்விலாங்கு பெயரில்தான் விலாங்கு. அது கெளுத்தி மீனுக்கு உறவு. நம் ஊர் வயல்களிலும் பசாரிலும் பார்க்கும் பெலுட்டும் உண்மையான விலாங்கு இல்லை. அது வேறொரு வரிசையைச் சேர்ந்த சேற்று மீன். குறுகிய வளையில் வாழ வேண்டுமென்றால் நீண்டு மெலிந்த உடல்தான் வசதி. அதனால் சம்பந்தமே இல்லாத பல மீன்கள் தனித்தனியாக அந்த வடிவத்துக்கு வந்து சேர்ந்தன. வடிவத்தை வைத்து உறவு சொல்ல முடியாது.

அப்படியானால் எதை வைத்துச் சொல்வது? உண்மையான விலாங்குகளை இணைப்பது அவற்றின் குழந்தைப் பருவம். முட்டையிலிருந்து வரும் குஞ்சு விலாங்கு மாதிரியே இருக்காது. கண்ணாடி போல ஒளி ஊடுருவும், தட்டையான ஓர் இலை. சின்னஞ்சிறு தலையோடு அது கடலில் மிதந்து திரியும். பல மாதங்கள் கழித்து உடல் சுருண்டு உருண்டு விலாங்காகும். இந்த இலைக் குஞ்சுகளுக்கு 'லெப்டோசெபாலஸ்' என்று பெயர்.

இதே மாதிரி இலைக் குஞ்சு வேறு யாருக்கு உண்டு தெரியுமா? நம் ஊர் தூண்டில்காரர்கள் விரும்பிப் பிடிக்கும் இக்கான் பூலானுக்கு. வெள்ளிக் காசு போலப் பெரிய செதில்களோடு துள்ளும் அந்த மீனும் விலாங்கும் தூரத்துச் சொந்தம். 1966-ல் ஹம்ஃப்ரி கிரீன்வுட்டும் உடன் ஆய்வாளர்களும் இந்தக் குஞ்சை அடையாளமாக வைத்துத்தான் இவற்றை ஒரே பெருங்கூட்டமாகச் சேர்த்தார்கள். தோற்றத்தில் ஒட்டாத உறவைக் குழந்தை முகம் காட்டிக்கொடுத்துவிட்டது.

நான்கு பெரிய குடும்பங்கள்

கடலில் ஆள் நீளத்துக்கு வளரும் விலாங்குகளில் நான்கு குடும்பங்களைத் தெரிந்துகொண்டால் நமக்குப் போதும். கேட்க வேண்டிய முதல் கேள்வி அக்காள் மகன் கேட்டதுதான்: மார்புத் துடுப்பு இருக்கிறதா?

இல்லை என்றால், அது பெரும்பாலும் மோரே. தமிழகக் கடலோரத்து மீனவர்கள் இதை அஞ்சாலை என்பார்கள். இந்தக் குடும்பத்தில் ஏறத்தாழ 200 இனங்கள் உண்டு. தடித்த தோல், பக்கவாட்டில் சற்று அமுங்கிய தசைப்பிடிப்பான உடல், பொத்தான் துளை அளவுக்குச் சிறிய வட்டமான செவுள் துளை, மூக்கின் நுனியில் இரண்டு சின்னக் குழாய்கள். தியோமான், சிப்பாடான் போன்ற பவளப்பாறைப் பகுதிகளில் முக்குளிப்பவர்கள் பார்ப்பது இந்தக் குடும்பத்தைத்தான். இதில் ராட்சத மோரேயின் அறிவியல் பெயர் 'ஜிம்னோதோராக்ஸ் ஜவானிகஸ்'. ஜாவாவின் பெயர் அதில் இருக்கிறது. பத்தாவியாவில் டச்சு இராணுவ மருத்துவராக இருந்த பீட்டர் பிளீக்கர் 1859-ல் இதை விவரித்தார். வளர்ந்த ராட்சத மோரேயின் பழுப்பு உடலில் சிறுத்தைப் புள்ளிகள் இருக்கும். செவுள் துளையைச் சுற்றி ஒரு கரும் திட்டு இருக்கும். அதுதான் அதன் முத்திரை.

மார்புத் துடுப்பு இருந்தால், அடுத்து வாயைப் பாருங்கள், தூரத்திலிருந்து. நீண்ட கூர்மையான முகம், பெரிய கண், மேல் அண்ணத்தின் நடுவில் வரிசையாக நீண்ட பற்கள் என்றால் அது மாலோங் குடும்பம். அத்தானின் தூண்டிலில் வந்ததும் இதுதான். சேற்றுத் தரையை விரும்பும். நம் கடற்கரைக் கழிமுகங்களில் கிடைக்கும். சில இனங்கள் இரண்டு மீட்டர் வரை வளரும். சீனர் கடைகளில் மீன் உருண்டைக்கு அரைப்பதும், காயவைத்த மீன் பையாக விற்பதும் இந்தக் குடும்பத்து மீன்களிலிருந்து வருவதுண்டு. ஜப்பானின் கியோட்டோ நகரத்தில் கோடைத் திருவிழாக் காலத்தில் இதற்குத் தனி மதிப்பு. சதைக்குள் நுண்ணிய முள் நிறைய இருப்பதால், தோல் அறுபடாமல் முள்ளை மட்டும் பொடிப் பொடியாக நறுக்க அங்கே சமையல்காரர்கள் வருடக்கணக்கில் பழகுகிறார்கள்.

உதடு தடித்து, மேல் தாடை கீழ்த் தாடையைவிடச் சற்று நீண்டு, பயங்கரமான கோரைப் பல் இல்லாமல் இருந்தால் அது கொங்கர் குடும்பம். இதில் பெரியது ஐரோப்பியக் கொங்கர். மூழ்கிய கப்பல்களின் இடுக்குகளில் குடியிருக்கும். வாழ்நாளில் ஒரே ஒரு முறை ஆழ்கடலுக்குப் போய்ப் பல லட்சம் முட்டைகளை இட்டுவிட்டு இறந்துவிடும். அந்தக் கடைசிப் பயணத்துக்கு முன் உண்பதை நிறுத்துகிறது. பற்கள் உதிர்கின்றன. எலும்பும் இளகிப்போகிறது.

நான்காவது பாம்பு விலாங்கு. பெயருக்கு ஏற்றபடி உருண்ட மெல்லிய உடல். பலவற்றின் வால் நுனியில் துடுப்பே இருக்காது. ஊசி போலக் கெட்டியான முனை. அதைக் கொண்டு மணலில் பின்பக்கமாகவே துளைத்துக்கொண்டு இறங்கி, தலையை மட்டும் வெளியே நீட்டிக் காத்திருக்கும். பாம்பென்று அதிகம் அடிபடுவது இதுவாகத்தான் இருக்க வேண்டும். இங்கே வாலை நம்ப முடியாது. செவுள் துளை இருக்கிறதா, செதில் இல்லையா என்று பாருங்கள்.

வாய் திறந்திருப்பது கோபத்தால் அல்ல

மோரேயின் படத்தைப் பார்த்தால் எப்போதும் கடிக்க வருவது போல வாயைத் திறந்து திறந்து மூடிக்கொண்டிருக்கும். அது மிரட்டல் இல்லை. செவுள் துளை மிகச் சிறியது என்பதால், வாயால் தண்ணீரை உறிஞ்சித் தள்ளிக்கொண்டே இருந்தால்தான் அதற்கு மூச்சு. நாம் மூச்சு விடுவதைப் பார்த்து யாராவது பயந்தால் எப்படி இருக்கும்?

ஆனால் அந்த வாய்க்குள் இன்னொரு வாய் இருப்பது உண்மை. பெரும்பாலான மீன்கள் வாயைச் சட்டென்று விரித்து, தண்ணீரோடு இரையையும் உறிஞ்சிக்கொள்ளும். குறுகிய பொந்தில் தலையை வைத்திருக்கும் மோரேக்கு அப்படி விரிக்க இடமில்லை. அப்படியானால் கவ்விய இரையை எப்படி உள்ளே இழுக்கிறது? 2007-ல் அமெரிக்காவின் கலிபோர்னியா பல்கலைக்கழக டேவிஸ் வளாகத்தைச் சேர்ந்த ரீட்டா மேத்தாவும் பீட்டர் வெய்ன்ரைட்டும் அதிவேகக் கேமராவில் படம்பிடித்து விடை கண்டார்கள். முன் தாடை இரையைக் கவ்வியதும், தொண்டைக்குள் இருக்கும் இரண்டாவது தாடை முன்னால் பாய்ந்து வந்து, வளைந்த பற்களால் இரையைக் கொக்கி போட்டு உள்ளே இழுத்துப் போகிறது. விரல் மாட்டிக்கொண்டால் சுலபமாக விடுவிக்க முடியாததற்கும் உள்நோக்கி வளைந்த இந்தப் பற்கள்தான் காரணம். தாய்லாந்தின் சிமிலான் தீவுகளில் ராட்சத மோரேக்குக் கையால் உணவு கொடுத்துப் பழக்கிய முக்குளிப்பாளர் ஒருவர் கட்டைவிரலை இழந்தார். அவருடைய கால் விரலை எடுத்துத்தான் கையில் பொருத்தினார்கள். மோரேக்குப் பார்வை அவ்வளவு கூர்மை இல்லை. மூக்குதான் கூர்மை. உணவு வாசம் அடிக்கும் விரலும் அதற்கு உணவுதான்.

அதே மீன் தோழமையும் பாராட்டும். செங்கடலில் ரெதுவான் பிஷாரியும் குழுவினரும் 2006-ல் வெளியிட்ட ஆய்வைப் படித்தபோது எனக்கு நம்பவே முடியவில்லை. ஒரு கெராப்பு மீன் ராட்சத மோரேயின் பொந்துக்கு வந்து, அதன் முகத்துக்கு முன்னால் தலையை வேகமாக ஆட்டுகிறது. வேட்டைக்கு வா என்று அழைப்பு. மோரே வெளியே வந்து கூடவே நீந்துகிறது. இரை பாறை இடுக்கில் ஒளிந்தால் மோரே உள்ளே போகும். வெளியே தப்பி வந்தால் கெராப்பு பிடிக்கும். இரண்டுமே தனியாகப் போவதைவிட இப்படிப் போகும்போது அதிகம் பிடிக்கின்றன.

எது பெரியது?

இதற்கு ஒரே விடை இல்லை. எதை வைத்து அளக்கிறீர்கள் என்பதைப் பொறுத்தது. நீளத்தில் முதலிடம், கழிமுகச் சேற்றில் வாழும் மெலிந்த ராட்சத மோரேக்கு. 1927-ல் ஆஸ்திரேலியாவின் குவீன்ஸ்லாந்தில் மரூச்சி ஆற்றில் பிடிபட்ட ஒன்றின் நீளம் 3.94 மீட்டர் என்பது பதிவு. ஆனால் அது கயிறு போல மெலிந்தது. பவளப்பாறையின் ராட்சத மோரே 3 மீட்டர் வரை வளர்ந்து 30 கிலோ எடையைத் தொடும். ஐரோப்பியக் கொங்கரும் 3 மீட்டர்தான். ஆனால் எடை 100 கிலோவைத் தாண்டக்கூடியது.

புலனத்தில் வரும் படங்களை நம்பி அளக்காதீர்கள். 2015-ல் இங்கிலாந்தின் பிளைமௌத் துறைமுகத்தில் தொங்கவிடப்பட்ட ஒரு கொங்கரின் படம் உலகைச் சுற்றி வந்தது. 20 அடி என்றார்கள். பிறகு பார்த்தால் 7 அடிதான். மீன் கேமராவுக்கு அருகில், மனிதர் பின்னால். அவ்வளவுதான் சூட்சுமம்.

அறிவியலாளர்களும் ஒரு முறை இப்படி அளந்து ஏமாந்தார்கள். 1930-ல் டென்மார்க்கின் 'டானா' ஆய்வுக் கப்பல் தென் ஆப்பிரிக்காவுக்கு அப்பால் ஏறத்தாழ 1.8 மீட்டர் நீளமுள்ள ஓர் இலைக் குஞ்சைப் பிடித்தது. சாதாரண விலாங்குக் குஞ்சு சில சென்டிமீட்டர்தான். குஞ்சே ஆள் உயரம் என்றால் தாய் எவ்வளவு இருக்கும்? முப்பது மீட்டர் என்று கணக்குப் போட்டார்கள். மாலுமிகள் சொன்ன கடல் நாகம் கிடைத்துவிட்டது என்று பேச்சு கிளம்பியது. நாற்பது வருடம் கழித்து, 1970-ல், டேவிட் ஸ்மித் என்ற ஆய்வாளர் முடிச்சை அவிழ்த்தார். அது விலாங்கின் குஞ்சே இல்லை. விலாங்குக்கு உறவான முள்முதுகு ஆழ்கடல் மீனின் குஞ்சு. அந்த மீன்கள் குஞ்சுப் பருவத்திலேயே முழு நீளத்துக்கு வளர்ந்துவிடும். உருமாறிய பிறகு நீளம் கூடாது. கடல் நாகம் காணாமல் போனது. இனம் தவறினால் கணக்கும் தவறும்.

சட்டிக்குப் போகும் முன்

அன்று எங்களுக்கு இருந்த கேள்வி எளியது: இதைச் சாப்பிடலாமா? மாலோங்கை இங்கே காலங்காலமாகச் சாப்பிடுகிறார்கள். ஆனால் பவளப்பாறையில் பிடித்த பெரிய மோரே வேறு கதை. பவளப்பாறைகளில் வளரும் ஒரு நுண்பாசியிலிருந்து வரும் 'சிகுவாடெரா' என்ற நஞ்சு, சிறு மீனிலிருந்து பெரிய மீனுக்கு ஏறி, வயதான பெரிய மோரேயின் உடலில் அதிகமாகச் சேர்ந்துவிடும். வாசனை, ருசி எதிலும் தெரியாது. வேகவைத்தாலும் பொரித்தாலும் உறையவைத்தாலும் போகாது. வயிற்றுப்போக்கு, உதடும் விரல்களும் மரத்துப்போதல், குளிர்ந்த தண்ணீர் பட்டால் சுடுவது போன்ற உணர்ச்சி எல்லாம் வரும். மீன் சாப்பிட்ட சில மணி நேரத்தில் இப்படித் தோன்றினால் வீட்டு வைத்தியம் பார்க்காமல் மருத்துவமனைக்குப் போங்கள். என்ன மீன், எங்கே பிடித்தது என்பதையும் சொல்லுங்கள்.

ஆகவே மார்புத் துடுப்பு இருக்கிறதா என்ற சின்னக் கேள்வி சட்டி வரைக்கும் வருகிறது. துடுப்பு இல்லாத, புள்ளி போட்ட பெரிய உடம்பு பாறைக் கடலிலிருந்து வந்தால், மறுபடி கடலுக்கே விட்டுவிடுவது நல்லது.

அன்று அந்தப் பெரியவர்தான் ஈரத் துணியால் மாலோங்கின் தலையைப் போர்த்தி, கொக்கியைக் கையால் எடுக்காமல் நரம்பைக் கத்தரித்தார். பெரிய மாலோங்கின் முள் எங்கள் வீட்டுப் பிள்ளைகளுக்குச் சரிப்படாது என்று அத்தான் மீனை அவரிடமே கொடுத்துவிட்டார். குடையை ஓங்கியவர் கிட்டே வந்து பார்த்துவிட்டு, "மீன்தானா?" என்று கேட்டுவிட்டுப் போனார்.

அக்காள் மகன் இப்போது எங்கள் குடும்பப் புலனக் குழுவுக்குப் பெரிய தொல்லை. யாராவது 'ராட்சதப் பாம்பு' என்று படம் போட்டால் முதல் பதில் அவனுடையதுதான்: "துடுப்பு தெரியிற மாதிரி இன்னொரு படம் அனுப்புங்க." போன வாரம் ஒரு படத்துக்கு அப்படிக் கேட்டதும், அனுப்பிய சித்தப்பா அதை அழித்துவிட்டார்.